புது மானிட்டர் வந்துச்சு, ஏ நோட்டைக் காணோம்

பாட்டு ஏ மைனர் ஸ்கேல். பேஸ் கிட்டார்ல ஏ கம்பியை அழுத்தாம அப்படியே மீட்டினா வருமே அந்த நோட்டு, வெர்ஸ் முழுக்க அதுலயேதான் நிக்கும், அதுதான் பாட்டுக்கே அஸ்திவாரம். மானிட்டர்னா ஸ்டுடியோல கேட்டுப் பாக்குற ஸ்பீக்கர், அந்தப் புதுசு முன்னாடி உக்காந்து மிக்ஸ் பண்றேன், அதான் ஒவ்வொரு வாத்தியத்தோட சத்தத்தையும் சமன் பண்ற வேலை, ஜி கேக்குது, பி கேக்குது, நடுவுல இருக்குற ஏ மட்டும் பொக்கைப் பல் மாதிரி ஓட்டையா இருக்கு. வாசிச்சவன் மேலதான் முதல் சந்தேகம். அவன் ட்ராக்கைத் தனியா போட்டு அலை வடிவத்தைப் பாத்தேன், எல்லா நோட்டும் ஒரே உயரம்தான், அப்பவாச்சும் எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. ஈக்யூ, அதான் எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு சத்தம்னு ஏத்தி இறக்குற கருவி, அதைத் திறந்து ஏ நோட்டு இருக்குற 55 ஹெர்ட்ஸ்ல 5 டிபி (டெசிபல்) ஏத்துனேன், 110 பக்கத்துல என்னமோ தட்டுற மாதிரி இருந்துச்சு, அங்க 3 டிபி இறக்குனேன், ஆஹா இப்பதான் பேஸ் உக்காந்துச்சுன்னு சேவ் பண்ணி அனுப்பிட்டேன்.

மறுநாள் பாட்டு குடுத்த தம்பிகிட்ட இருந்து வாய்ஸ் மெசேஜ். "அண்ணே, பாட்டு சூப்பரா இருக்குண்ணே, ஆனா ஒரு நோட்டு வரும்போது மட்டும் கார் கதவெல்லாம் உதறுதுண்ணே, அது வேணும்னே வச்சதா?"

வேணும்னு வச்சதுன்னு சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சது உண்மை.

மானிட்டர் மாத்துனதுக்கு அப்புறம் கொஞ்ச மாசத்துக்கு என் மிக்ஸ், முன்னாடி இருந்ததை விட மோசமாத்தான் இருந்துச்சு, இதை யாரும் வெளில சொல்றதில்லை, பெட்டி பிரிக்கிற வீடியோதான் போடுவாங்க.

பழைய ஸ்பீக்கர் ஜோடி 5 இன்ச். ஏழு வருஷம் அதுலதான் ஓட்டுனேன். இடது பக்க ஸ்பீக்கர்ல ஒரு சின்ன ஹிஸ் உண்டு, பாட்டு நின்னாதான் கேக்கும், அதுவும் பழகிப் போயி அது இல்லாட்டி ரூம் வெறிச்சுனு இருக்கும். அதோட பொய் எல்லாமே எனக்கு அத்துப்படி. 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு மேடு இருந்துச்சு, அதனால வோகல் அதுல லேசா காதைக் குத்துனாத்தான் வெளில சரியா இருக்கும், வழவழன்னு கேட்டா வெளில போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி ஆயிரும். கீழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒண்ணும் கிடையாது. கிக் டிரம்மோட அடிவயிறு, பேஸோட அடிநோட்டு எல்லாம் அனலைசர்ல கண்ணால பாப்பேன், ஹெட்ஃபோன்ல ஒரு தடவை கேப்பேன், மத்தபடி கை வைக்கவே மாட்டேன். தெரியாத ஊர்ல ராத்திரி நடக்குற மாதிரி, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே.

சரி அப்ப ஏன் மாத்துனேன்னா, காரணம் சொல்லணும்னா நிறைய சொல்லலாம், ரிவர்ப் வால், அதான் எதிரொலி அடங்குற கடைசி இழுவை, சரியா கேக்கல, ரெண்டு கிட்டார் எங்க நிக்குதுன்னு பிரிச்சுத் தெரியல, ஹிஸ் கூடிக்கிட்டே போச்சு. எல்லாம் நிஜம்தான். ஆனா ஆசைதான் பெரிய காரணம். ஸ்பீக்கர்ல முன்னும் பின்னும் ஆடுற அந்த 8 இன்ச் கோனைப் பாத்தா ஒரு மரியாதை வருது பாருங்க, அது வேற எதுலயும் வராது. ஸ்பெக் ஷீட்ல 38 ஹெர்ட்ஸ்னு போட்டிருந்தான், பக்கத்துலயே சின்ன எழுத்துல மைனஸ் 10 டிபின்னும் போட்டிருந்தான், அதைக் கண்ணு பாக்கல. மைனஸ் 10 டிபின்னா அந்த இடத்துல சத்தம் கேக்குறதுக்குப் பாதியாத் தெரியும், அதையும் "வரைக்கும் போகும்"னு கணக்குல சேத்துக்கறாங்க. ஒருத்தன் மைனஸ் 3ல அளந்து 45னு போட்டிருப்பான், இன்னொருத்தன் மைனஸ் 10ல அளந்து 38னு போட்டிருப்பான், நாம ரெண்டாவது பெருசுன்னு வாங்கிட்டு வருவோம்.

எவ்வளவு கீழ போகுதுன்றதே தலையாய விஷயமா இருந்தா யமஹா என்எஸ்-10னு ஒரு ஸ்பீக்கர் உலகத்துல பாதி ஸ்டுடியோவுல மிக்ஸிங் கன்சோல் மேல உக்காந்திருக்காது. 1978ல வீட்டுல பாட்டு கேக்குறதுக்குன்னு வந்த பெட்டி அது. வீட்டுல வச்சுக் கேட்டவங்களுக்குப் பிடிக்கல, பேஸ் இல்ல, காதைக் குத்துது. ஸ்டுடியோக்காரங்க தூக்கிக்கிட்டாங்க. மேல் சத்தத்துக்கு இருக்குற ட்வீட்டர் குத்துதுன்னு அதுக்கு முன்னாடி டிஷ்யூ பேப்பரை ஒட்டி வச்சு மிக்ஸ் பண்ணாங்க, எந்த பேப்பர், எத்தனை மடிப்புன்னு அதுக்கே சண்டை நடந்திருக்கு, கடைசில 1987ல கம்பெனியே ட்வீட்டரை அடக்கி ஸ்டுடியோவுக்குன்னே ஒரு வெர்ஷன் விட்டுச்சு. அந்த வெள்ளைக் கோனுக்கு வேண்டிய காகிதக் கூழ் கிடைக்கலன்னு 2001ல நிறுத்திட்டாங்க. அதுல இருந்த பெரிய சமாச்சாரம் என்னன்னா மூடுன பெட்டி, ஓட்டை கிடையாது. மூடுன பெட்டில பேஸ் சீக்கிரமே சரிய ஆரம்பிக்கும், ஆனா மெதுவா, ஒரு ஆக்டேவுக்கு, அதான் ஹெர்ட்ஸ் பாதி ஆகுற ஒவ்வொரு தடவையும், 12 டிபின்னு சரியும், கிக் நின்னா ஸ்பீக்கரும் நின்னுரும். போர்ட், அதான் அந்த ஓட்டை, வச்ச பெட்டி கீழ வரைக்கும் பிடிச்சு வச்சுக்கிட்டு அப்புறம் 24 டிபின்னு தொபுக்கடீர்னு விழும், அதுவும் போர்ட் ட்யூன் ஆன இடத்துல கொஞ்சம் லேட்டாத்தான் அடங்கும். நம்ம கைக்கு வர்ற ஸ்பீக்கர் முக்காவாசி போர்ட் வச்சதுதான், அதுல நல்லதும் நிறைய இருக்கு, நான் குறை சொல்லல. பேஸ் நிறைய வருதுன்றதும் பேஸ் சரியா வருதுன்றதும் வேற வேற, அவ்வளவுதான்.

முதல் வாரம் தேனிலவு. கேட்ட பாட்டெல்லாம் திருப்பித் திருப்பிக் கேட்டேன். இது எங்க இருந்துச்சு, இந்த ஷேக்கர் இத்தனை நாளா இங்கயா இருந்துச்சுன்னு வாயப் பொளந்துக்கிட்டு. அப்புறம்தான் அந்த ஏ மைனர் பாட்டு.

கார் கதவு உதறுனதுக்கு அப்புறம் மிக்ஸைத் தொடவே இல்ல. சாஃப்ட்வேர்ல ஒரே ஒரு ஹெர்ட்ஸ் மட்டும் வர்ற சைன் டோன் ஜெனரேட்டர் போட்டு 55 ஹெர்ட்ஸ்ல வச்சேன், ஓபன் ஏ அதுதானே, சத்தம் குறைவாத்தான், சைன் டோன் கேக்குறதுக்கு சாதுவா இருந்தாலும் பேஸ் குடுக்குற பெரிய கோனான வூஃபரைப் பதம் பாத்துரும். நாற்காலில உக்காந்தா கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. கோன் ஆடுறது கண்ணுக்குத் தெரியுது, காதுக்கு ஒண்ணும் இல்ல. எந்திரிச்சுப் பின் சுவர் பக்கம் போனேன் பாருங்க, அங்க ஒரு லாரி இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கு! திரும்ப வந்து உக்காந்தா காணோம். தலையை முன்னாடி நீட்டுனா கொஞ்சம் வருது. வீட்டுல யாராச்சும் பாத்திருந்தா பேய் பிடிச்சிருச்சுன்னு நினைச்சிருப்பாங்க, ரூமுக்குள்ள குனிஞ்சு நிமிந்து சுவத்துல காதை வச்சுக்கிட்டு அரை மணி நேரம் சுத்திருக்கேன்.

அப்புறம் டேப்பை எடுத்து அளந்தேன். ஸ்பீக்கர் பாக்குற திசைல ரூம் 3.1 மீட்டர். சத்தம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். அதை 3.1 ஓட ரெட்டிப்பால வகுத்தா 55.3. ஏ நோட்டு 55. என் ரூமோட சொந்த நோட்டே ஏ தான்! அந்த அலையோட நீளம் ஆறேகால் மீட்டர், அதுல பாதி கச்சிதமா முன் சுவத்துக்கும் பின் சுவத்துக்கும் நடுவுல பொருந்திருது, அப்படிப் பொருந்துனா சுவத்துக்கிட்ட அழுத்தம் உச்சத்துல இருக்கும், நட்ட நடுவுல செத்துப் போயிருக்கும். என் நாற்காலி எங்க இருந்துச்சுன்னு நினைக்கறீங்க. நட்ட நடுவுல. அழகா இருக்கும்னு வச்சது. 110லயும் அதே ரூம் இன்னொரு தடவை பொருந்தும், ஆனா அதுக்கு நடுவுல உச்சம். அப்ப நான் கேட்ட ஏ நோட்டுல அடி மொத்தமும் காணோம், அதுக்கு மேல ரெட்டிப்பு ஹெர்ட்ஸ்ல கூடவே வர்ற ஹார்மோனிக் மட்டும் தூக்கலா தட்டிக்கிட்டு இருந்திருக்கு. நான் என்ன பண்ணேன், 55ஐ ஏத்தி 110ஐ இறக்குனேன். ரூமுக்கு வைத்தியம் பாக்கறேன்னு பாட்டுக்கு ஊசி போட்டுட்டேன்.

பழைய 5 இன்ச்லயும் இதே ரூம்தான், இதே நாற்காலிதான், ஏன் அப்ப இந்தப் பிரச்சினை வரலன்னு ரெண்டு நாள் மண்டையைக் குடைஞ்சுது. வந்துருக்கும். ஆனா அந்த ஸ்பீக்கர் 55ஐ ஒழுங்காச் சொல்லவே சொல்லாதுன்னு எனக்குத் தெரியும், அதனால அந்தப் பக்கம் கையே வைக்கல, பேஸ் வாசிச்சவன் எப்படி வாசிச்சானோ அப்படியே வெளில போயிரும். பெரும்பாலும் அதுவே சரியாவும் இருந்துச்சு. புதுசு கீழ வரைக்கும் சொல்லுதுன்னு நம்புனேன், அது சொன்னதும் நிஜம்தான், ஆனா நான் உக்காந்த இடத்துக்கு வந்து சேந்தது பாதி. ஒண்ணுமே தெரியாதப்ப அடக்கமா இருந்தவன் பாதி தெரிஞ்சதும் டாக்டர் ஆயிட்டேன்.

இதை ஈக்யூல சரி பண்ண முடியாது, அதுக்கான சாஃப்ட்வேர் எத்தனை பேரு வித்தாலும். மேடா இருந்தா இறக்கலாம், பரவால்ல. அலையும் அது சுவத்துல பட்டுத் திரும்பி வர்ற அலையும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக் காலி ஆகுற இடத்துல ஸ்பீக்கரை 6 டிபி ஏத்துனா திரும்பி வர்றதும் அதே 6 டிபி ஏறித்தான் வரும். ஆம்ப் நாலு மடங்கு பவர் செலவழிக்கும், வூஃபர் உயிரை விடும், நாற்காலில பழைய ஓட்டை அப்படியே இருக்கும்.

அதனால ரூமைத் திருப்புனேன். நீளப் பக்கம் 4 மீட்டர், அந்தத் திசையைப் பாத்து டேபிளைப் போட்டேன். ஒரு முழு நாள், எல்லாக் கேபிளும் கழட்டி மாட்டி, எது எங்க போகுதுன்னு எழுதி ஒட்டாம விட்ட பாவத்துக்கு ராத்திரி வரைக்கும். இங்க ஒருத்தர் கேப்பாரு, ரூமோட அகலம் இன்னும் 3.1 தானே, நீ இடது வலதுக்கு நடுவுலதானே உக்காந்திருக்க, 55 மறுபடியும் காலி ஆகாதான்னு. நானும் பயந்தேன். ஆனா ரெண்டு ஸ்பீக்கரும் நடுக்கோட்டுக்குச் சமமா நின்னு ஒரே பேஸைத் தள்ளும்போது அகலத்தோட அந்த முதல் அலையை இடது ஒரு பக்கம் கிளப்ப, வலது எதிர்ப் பக்கம் கிளப்ப, அது எந்திரிக்கவே செய்யாது. எந்திரிக்காத அலைக்கு ஓட்டையும் கிடையாது. பேஸ், கிக் எல்லாம் நடுவுல வைக்கறதுல இப்படி ஒரு லாபம் இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

நீளத்துக்கான முதல் நோட்டு இப்ப 43 பக்கம் போயிருச்சு. நடு ரூமை விட்டுத் தள்ளி உக்காரணும். முன் சுவத்துல இருந்து 38 சதவீதத்துல உக்காருன்னு ஒரு கணக்கு சொல்வாங்க, ஆரம்பப் புள்ளிக்கு நல்லது, வேதவாக்கு கிடையாது. ரூம் ஈக்யூ விஸார்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஒரு மெஷர்மென்ட் மைக் இருந்தாப் போதும், கீழ இருந்து மேல வரைக்கும் ஏறுற ஸ்வீப் சத்தத்தை ஓட்டி கிராஃபைப் பாத்துட்டே நகத்தலாம். முதல் தடவை அந்த கிராஃபைப் பாக்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, அழுகை வரும், மலைத்தொடர் மாதிரி இருக்கும், எல்லார் ரூமும் அப்படித்தான். என்னுதுல 130 ஹெர்ட்ஸ்ல ஒரு புதுக் குழி. ஸ்பீக்கர் முகம் முன் சுவத்துல இருந்து 65 சென்டிமீட்டர்ல இருந்துச்சு, சத்தம் சுவத்துக்குப் போயி திரும்பி வர்றதுக்குள்ள பாதி அலை பிந்திருது, நேரா வர்றதோட மோதிக்குது. கொஞ்சம் கொஞ்சமா சுவத்துப் பக்கம் தள்ளி 45க்குக் கொண்டு போனேன், குழி 190க்கு ஏறிருச்சு, அந்த உயரத்துல பின்னாடி வச்ச ராக்வூல், அதான் சத்தத்தை உறிஞ்சுற தடிப் பஞ்சு, பேனலுக்கே அதை ஓரளவு பிடிக்கிற தெம்பு உண்டு. போர்ட் முன்பக்கம் இருந்ததால தப்பிச்சேன். சுவர் பக்கம் போனா பேஸ் மொத்தமா ஏறும், அதுக்குத்தான் ஸ்பீக்கர் முதுகுல பேஸைக் குறைக்க ஒரு ட்ரிம் சுவிட்ச் வச்சிருக்கான், ஏழு வருஷமா பழைய ஸ்பீக்கர்லயும் அது இருந்திருக்கு, ஒரு நாளும் தொட்டதில்ல.

ஃபோம் பத்தி ஒரே வார்த்தை. முன்னாடி சுவரு பூரா சத்தத்தை உறிஞ்சும்னு 5 சென்டிமீட்டர் ஃபோம் ஒட்டி வச்சிருந்தேன், போட்டோல ஜோரா இருக்கும். 55 ஹெர்ட்ஸோட கால் அலையே ஒண்ணரை மீட்டருக்கு மேல. அது முன்னாடி 5 சென்டிமீட்டர் ஃபோம் மழைக்கு வலை பிடிச்ச கதைதான். மூலைல 15 சென்டிமீட்டர் ராக்வூல் சுவத்துல இருந்து இடைவெளி விட்டு நிறுத்துனதுதான் கொஞ்சமாவது கேட்டுச்சு, அதுவும் மேடு பள்ளம் குறைஞ்சதை விட நோட்டு இழுத்துக்கிட்டே இருந்தது சீக்கிரம் அடங்குச்சு பாருங்க, அந்த வித்தியாசம்தான் பெருசு.

இதெல்லாம் முடிச்சு, பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு பரீட்சை வச்சேன். பிங்க் நாய்ஸ்னு அளக்கறதுக்கான ஒரு இரைச்சலைப் போட்டு ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வந்தா, புதுசு இத்தனை நாளா 4 டிபி கூடவே கத்திக்கிட்டு இருந்திருக்கு! தேனிலவுல பாதி அந்த 4 டிபி. தம்பியை சுவிட்ச் அமுக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கிட்டேன். ஃப்ளாய்ட் டூல்னு ஒரு விஞ்ஞானி, கனடாவுல தேசிய ஆராய்ச்சி கவுன்சில்லயும் அப்புறம் ஹார்மன்ற ஆடியோ கம்பெனிலயும் ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னாடி வச்சுக் கேக்க வைக்கிற சோதனை வருஷக்கணக்கா பண்ணவரு. பெட்டியைக் கண்ணால பாத்துட்டா ஜனங்க குடுக்குற மார்க்கே மாறிருதுன்னு அதுல வந்துச்சு. எனக்கும் அதேதான் ஆச்சு, கண்ணை மூடுனா வோகல்ல நான் சத்தியம் பண்ணி சொன்ன வித்தியாசம் முக்காவாசி காணாமப் போச்சு. ரிவர்ப் வால், இடம் வலம் பிரியறது, இது ரெண்டும் மட்டும் கண்ணை மூடுனாலும் புதுசுல பளிச். அவர் ஆராய்ச்சில இன்னொரு சமாச்சாரம், நேரா வர்ற சத்தம் சீரா இருந்தா மட்டும் போதாது, பக்கவாட்டுல போறதும் சீரா குறையணும், ஏன்னா அது சுவத்துல பட்டு நம்ம காதுக்குத்தான் வருது. எத்தனை வாட்டுன்னு பாக்குறதை விட்டுட்டு அந்த பக்கவாட்டு கிராஃபைப் பாத்து வாங்கலாம், நான் அப்படி வாங்கல, குருட்டு அதிர்ஷ்டம்.

கை பழகுறதுதான் எல்லாத்தையும் விட இழுத்துச்சு. ஏழு வருஷமா வோகல் லேசா குத்தணும்னு பழகுன கை, புது ஸ்பீக்கர்லயும் குத்துற வரைக்கும் ஏத்திருது. இதுல அந்த 3 கிலோஹெர்ட்ஸ் மேடு கிடையாது, அதனால இங்க லேசா குத்துனா வெளில கத்தி சொருகுன மாதிரி. மூணு பாட்டு அப்படிப் போயி திரும்பி வந்துச்சு. அதுக்கு அப்புறம் ரெண்டு வாரம் மிக்ஸே பண்ணாம, எனக்கு மனப்பாடமான ஒரு பத்துப் பாட்டை மட்டும் காலைல கேக்குறது, கிக் எவ்வளவு தூரத்துல இருக்கு, "ஸ" சத்தம் எவ்வளவு கூர்மைன்னு ஒண்ணொண்ணா. அதுவும் ஒரே வால்யூம்ல. சத்தம் குறைஞ்சா காதுக்கு பேஸ் கம்மியா கேக்கும்னு ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லயே அளந்து வச்சுட்டாங்க, நாம இன்னும் நாப்பது தடவை குமிழைத் திருகிக்கிட்டு பேஸ் கூடுதா குறையுதான்னு குழம்பறோம். சின்ன ரூமுக்கு 75 டிபி பக்கம் எனக்கு ஒத்து வந்துச்சு, குமிழ் பக்கத்துல வெள்ளை டேப் ஒட்டி பேனாவால ஒரு கோடு. அந்தக் கோடுதான் நான் பண்ண அப்கிரேட்லயே விலை இல்லாத அப்கிரேட்.

பழைய ஜோடில ஹிஸ் இல்லாத வலது பக்கத்துது இப்ப டேபிள் ஓரத்துல ஒத்தையா இருக்கு, மோனோவுக்கு. பேஸ் அடிநோட்டு இல்லாமலே ஹார்மோனிக்கை மட்டும் வச்சு பேஸ் லைன் புரியுதான்னு பாக்க அதை விட நல்லது கிடையாது, ஃபோன்ல கேக்குறவங்களுக்கு அப்படித்தானே போய்ச் சேரும். ஒருத்தன் ஜோடியாக் குடுன்னு கேட்டான். இடதை மட்டும் வேணா எடுத்துக்கோன்னேன், முறைச்சுட்டுப் போயிட்டான்.

போன வாரம் அந்த ஏ மைனர் ப்ராஜெக்டைத் திரும்பத் திறந்தேன். பேஸ் ட்ராக்ல அந்த ஈக்யூ அப்படியே உக்காந்திருக்கு, 55ல ஒரு கோபுரம், 110ல ஒரு பள்ளம், என் பழைய ரூமோட படத்தை யாரோ தலைகீழா வரைஞ்சு வச்ச மாதிரி. மொத்தமா ஆஃப் பண்ணிட்டு முதல்ல இருந்து ஓட விட்டேன். ஜி வந்துச்சு, ஏ வந்துச்சு, பி வந்துச்சு. எக்ஸ்போர்ட் பண்ணி அந்தக் கார் கதவுத் தம்பிக்கு அனுப்பிருக்கேன், கார் சர்வீஸ்ல இருக்காம், வந்ததும் கேட்டுட்டு சொல்றேன்னான்.